ஸ்டார்ட் ஆகாத ரம்பம்

வர்தா புயல் ஞாபகம் இருக்கா மக்களே? 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போய், ஏடிஎம் வாசல்ல எல்லாரும் தவம் கிடந்த நேரம். டிசம்பர் 5-ல் ஜெயலலிதா காலமாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஊரே ஒரு மாதிரி இருந்தப்போ, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல காத்து வந்து மரங்களைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போச்சு. ஆயிரக்கணக்குல விழுந்துச்சு.

எந்த மரம் விழுந்துச்சு, எது நின்னுச்சு, ஏன் வேம்பை விடத் தூங்குமூஞ்சி சீக்கிரம் சாஞ்சுதுன்னு அப்போவே நிறைய பேர் எழுதித் தள்ளிட்டாங்க. நான் எழுதப்போறது மரத்தைப் பத்தி இல்லை. மரத்தை அறுக்க வந்த மெஷினைப் பத்தி. கரெக்டா சொன்னா, ஸ்டார்ட் ஆகாத மெஷினைப் பத்தி. ‘இதுக்கெல்லாம் ஒரு வரலாறா?’ன்னு கேக்காதீங்க. இருக்கு. அதுல பாதி நம்ம பாடி, அம்பத்தூர், ஆவடியிலேயே இருக்கு :-)

*

சம்பவத்தை மொதல்ல சொல்லிடறேன், அப்புறம் கொசுவத்தி சுத்தலாம்.

புயலுக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை. அம்பத்தூர்ல எங்க தெருவுக்குக் குறுக்கே ஒரு தூங்குமூஞ்சி. மின்கம்பியையும் இழுத்துக்கிட்டு விழுந்து கிடக்கு. மரம் போனாத்தான் லைன்மேன் உள்ள வர முடியும், அவர் வந்தாத்தான் கரண்ட், கரண்ட் வந்தாத்தான் தண்ணி. இது எல்லாத் தெருவுக்கும் இருந்த கதைதான். எங்க தெருவுக்குக் கூடுதலா ஒண்ணு இருந்துச்சு. கடைசி வீட்டுப் பெரியவருக்குப் புதன்கிழமை காலையில டயாலிசிஸ். தெருவுக்கு ஒரே ஒரு வாய்தான், அதை மரம் அடைச்சிருந்துச்சு.

மத்தியானம் மூணு பசங்க ஒரு பவர் சா கொண்டு வந்தாங்க. ஏதோ ஒரு காண்ட்ராக்டர் அனுப்பின ஆளுங்க. ரெண்டு வருஷமா ஷெட்ல கிடந்த மெஷினாம். கயிறை இழுத்தாங்க. இழுத்தாங்க. மாத்தி மாத்தி ஐம்பது தடவையாவது இழுத்திருப்பாங்க. ஒரு தும்மல்கூட இல்லை. ஒருத்தன் கையில கொப்புளமே வந்துடுச்சு. சுத்தி நின்ன நாங்க ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிட்டு இருந்தோம், நம்ம வழக்கப்படி.

அப்போதான் மெயின் ரோட்டுல டூவீலர் மெக்கானிக் கடை வச்சிருக்கிற அண்ணன் வந்தார். அறுபதை நெருங்கின வயசு. பவர் சாவை அதுக்கு முன்னாடி தொட்டதே இல்லைன்னு சொன்னார். ஆனா வந்ததும் கயிறைத் தொடலை. “ப்ளக் ஸ்பேனர் இருக்காப்பா?”ன்னு கேட்டார்.

அடுத்த முக்கால் மணி நேரம் அவர் கேட்ட மூணு கேள்விதான் இந்தப் பதிவு.

*

முதல் கேள்வி: “ப்ளக்ல கரண்ட் வருதா?”

ப்ளக்கைக் கழட்டினார். பெட்ரோல் டாங்க் மூடி இறுக்கமா இருக்கான்னு பார்த்துட்டு, சிந்தியிருந்த பெட்ரோலைத் துணியால துடைச்சார். அப்புறம் ப்ளக்கைத் தொப்பியில மாட்டி, அதோட இரும்பு உடம்பை எஞ்சின் மேல ஒட்டி வச்சுக் கயிறை ஒரு இழு. நீலமா ஒரு பொறி. “கரண்ட் இருக்கு, அடுத்தது பாப்போம்”னார். 80, 90கள்ல வளர்ந்தவங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. ஊர்ல பாதிப் பேர் ரோட்டோரமா மொபெட்டை ஸ்டாண்டு போட்டு இதைத்தான் செஞ்சிட்டு இருந்தாங்க. ப்ளக்கை உப்புத்தாள்ல தேய்ச்சு, இடைவெளிக்கு ஹாக்சா பிளேடை நுழைச்சுப் பார்த்து, மறுபடி மாட்டி ஒரு மிதி.

பேட்டரியே இல்லாத மெஷின்ல கரண்ட் எங்கிருந்து வருது? அதுக்குப் பேர் மேக்னெட்டோ. சுத்துற சக்கரத்துல காந்தம் இருக்கும். அது ஒரு சுருளைக் கடந்து போகும்போது மின்சாரம் பிறக்கும். ஜெர்மனியில ராபர்ட் பாஷ் கம்பெனியில வேலை பார்த்த காட்லோப் ஹோனால்ட் 1902-ல் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதுக்கேத்த ஸ்பார்க் ப்ளக்கையும் செஞ்சு காட்டினார். பெட்ரோல் எஞ்சினைப் பேட்டரி இல்லாமலே நம்பி ஓட்டலாம்ங்கிற நிலைமை அதுக்கப்புறம்தான் வந்துச்சு. அதே பாஷோட தொடர்புல பெங்களூர்ல 1951-ல் ஆரம்பிச்சதுதான் மைக்கோ. அந்தப் பேர் போட்ட ப்ளக் இல்லாத மெக்கானிக் கடை நம்ம ஊர்ல ஒரு காலத்துல கிடையாது. 2008-ல் கம்பெனிப் பேரே பாஷ்னு மாறிடுச்சு.

வண்டி மின்சாரம் நம்ம ஏரியாவுக்கு வந்தது 1961-ல். இங்கிலாந்தோட லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து ஆரம்பிச்ச லூகாஸ்-டிவிஎஸ், இடம் பாடி. வண்டியை ஸ்டார்ட் பண்ற மோட்டார், இக்னிஷன் சாமானெல்லாம் செய்யற தொழிற்சாலை. இந்தியாவுல ஓடின எத்தனையோ கார், லாரியோட முதல் உறுமல் பாடியில செஞ்ச சாமானால வந்தது. அந்தப் பக்கம் அம்பத்தூர்ல 1949-லேயே டிஐ சைக்கிள்ஸ் வந்தாச்சு. 60கள்ல அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத், பிரஸ், கிரைண்டிங்னு சின்னச் சின்னப் பட்டறைகள். கம்பெனிக்குள்ள வேலை பார்த்தவரு சாயங்காலம் வீட்டு வாசல்ல வண்டியைப் பிரிச்சுப் போட்டு உக்காருவார். பக்கத்து வீட்டுப் பையன் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். ஐடிஐயில படிக்காம அவன் கத்துக்கிட்டது அப்படித்தான்.

ஒரு சின்ன விஷயம். மேக்னெட்டோவுக்கு வேகம் வேணும். மெதுவா இழுத்தா பொறி வராது. ஐம்பது தடவை இழுத்துக் களைச்ச கை மெதுவாத்தான் இழுக்கும். அதனால இழுக்க இழுக்க ஸ்டார்ட் ஆகிற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும். பசங்க மேல தப்பில்லை, இதை அவங்களுக்கு யாரும் சொல்லித் தரலை.

*

ரெண்டாவது கேள்வி: “ப்ளக் ஈரமா, காய்ஞ்சிருக்கா?”

ஐம்பது இழுப்புக்கு அப்புறம் ப்ளக் ஈரமா இருந்தா, பெட்ரோல் வந்திருக்கு, ஆனா பத்தலைன்னு அர்த்தம். நம்ம பாஷையில ‘ஓவர்ஃப்ளோ’. சோக்கை எடுத்துட்டு, ஸ்விட்சை ஆஃப்ல வச்சு, ப்ளக் இல்லாம நாலஞ்சு இழு இழுத்தா உள்ள நிக்கிற பெட்ரோல் வெளிய வந்துடும். ப்ளக் காய்ஞ்சிருந்தா பெட்ரோலே வரலை. எங்க மெஷின்ல எலும்பு மாதிரி காய்ஞ்சிருந்துச்சு. அண்ணன் ப்ளக் ஓட்டையில ரெண்டு சொட்டு பெட்ரோல் விட்டு மாட்டி இழுத்தார். ‘டுர்ர்’னு ரெண்டு செகண்ட் ஓடி அணைஞ்சுது. தெருவே கை தட்டுச்சு. அவர் மட்டும் சிரிக்கலை. “எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. சாப்பாடுதான் போகலை.”

பவர் சாவைத் தொடாத ஆள் எப்படி இவ்ளோ தைரியமா சொன்னார்? ஏன்னா அவருக்கு அது தெரிஞ்ச எஞ்சின்தான். பெரும்பாலான பவர் சாவுல இருக்கறது டூ ஸ்ட்ரோக். வால்வு கிடையாது, கேம் கிடையாது. பிஸ்டனே மேல போய்க் கீழ வந்து ஓட்டைகளைத் திறந்து மூடும். இங்கிலாந்துல பாத் ஊர்க்காரர் ஜோசப் டே 1891-ல் கொண்டு வந்த ஏற்பாடு. பெட்ரோலும் காத்தும் மொதல்ல கீழ் அறைக்குள்ள போய்த்தான் மேல வரும். அங்க தனியா ஆயில் நிக்க இடமில்லை. அதனாலதான் ஆயிலைப் பெட்ரோல்லயே கலந்து ஊத்தணும். பாகங்கள் கம்மி, எடை கம்மி, விலை கம்மி.

இந்த எஞ்சினைத் தமிழ்நாட்டு வீட்டு வாசல்ல நிறுத்தினது டிவிஎஸ் 50. பாடியில 1962-ல் பிரேக் செய்ய ஆரம்பிச்ச சுந்தரம்-கிளேட்டனோட மொபெட் பிரிவு ஓசூர்ல இருந்துச்சு. 1980-ல் வண்டி வந்துச்சு, ரெண்டு பேர் உக்காரலாம். பால்கேன், கீரைக்கட்டு, காஸ் சிலிண்டர், ஒரு குடும்பம்னு அது தூக்காததா? பெட்ரோல் பங்க்ல ‘ஆயில் போட்டுக் கொடுங்க’ன்னு கேட்டு, கலந்துச்சான்னு வண்டியை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தவங்க இதைப் படிக்கிறவங்கள்ல எத்தனை பேர்? அந்த எஞ்சின் 50 சிசிக்கு ஒட்டின அளவு. மரம் அறுக்கிற நடுத்தர சைஸ் பவர் சாவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வேகம் மட்டும் வேற, சா நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல போகும். மத்தபடி பங்காளிங்க.

இதே குடும்பத்துல ஒரு பெரியண்ணனும் நம்ம ஏரியாவுல பிறந்தார். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் அமைஞ்சது. அங்கிருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிய வந்துச்சு. அதுல இருந்த லேலண்ட் எல்60 எஞ்சினும் டூ ஸ்ட்ரோக்தான்! ஸ்பார்க் ப்ளக் கிடையாது, ஆறு சிலிண்டர்ல எதிரும் புதிருமா பன்னிரண்டு பிஸ்டன். இதே எஞ்சின் குடும்பத்தை வச்சுக்கிட்டு பிரிட்டிஷ்காரங்க தங்களோட சீஃப்டன் டாங்கியில பட்ட பாடு ஊரறிஞ்ச கதை. அதாவது கோளாறு பாத்துச் சரி பண்றதுங்கறது இந்தப் பக்கத்துல மொபெட்ல இருந்து டாங்கி வரைக்கும் ஒரு பொழைப்பு.

*

மூணாவது கேள்விதான் சுவாரஸ்யம்.

அண்ணன் கார்பரேட்டரைக் கழட்டினார். மொபெட் கார்பரேட்டர்ல அடியில ஒரு கிண்ணம் இருக்கும். அதுல பெட்ரோல் நிக்கும், மேல ஒரு மிதவை. அவர் கை தன்னால கிண்ணத்தைத் தேடுச்சு. திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். “என்னப்பா இது, இதுல கிண்ணமே இல்லை? அப்போ பெட்ரோல் எங்க நிக்குது?”

இந்தக் கேள்வியைத்தான் ரம்பம் செஞ்சவங்களும் இருபது வருஷத்துக்கு மேல கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஜெர்மனியில ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் கரண்ட்ல ஓடுற செயின் ரம்பம் செஞ்சார். அடுத்த வருஷமே எமில் லெர்ப்ங்கிறவர் பெட்ரோல்ல ஓடுற ரம்பத்தைத் துரிங்கியா மாநிலத்து டோல்மார் மலையில ஓட்டிக் காட்டினார். அந்த மலையோட பேரே கம்பெனிக்கும் வந்துச்சு. எடை 58 கிலோ! ரெண்டு ஆள் வேணும். எடையை விடப் பெரிய தொல்லை கிண்ணம்தான். நிக்கிற மரத்தை அறுக்க ரம்பத்தைப் படுக்க வைக்கணும். படுக்க வச்சா கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு பக்கம் ஓடிடும், எஞ்சின் அணைஞ்சிடும். அதனால எஞ்சினை நிமிர்த்தியே வச்சுக்கிட்டு, அறுக்கிற பகுதியை மட்டும் திருப்பற மாதிரியெல்லாம் செஞ்சு பார்த்தாங்க.

விடை 1940களோட கடைசியில வந்துச்சு. கிண்ணத்தையே தூக்கிட்டு, மெல்லிசா ரெண்டு சவ்வு. எஞ்சினோட கீழ் அறையில ஏறி இறங்கற காத்தழுத்தம் ஒரு சவ்வை அடிச்சு அடிச்சு பெட்ரோலை இழுக்கும். இன்னொரு சவ்வு எவ்வளவு உள்ள விடணும்னு அளக்கும். தலைகீழாப் பிடிச்சாலும் ஓடும். 1949-ல் அமெரிக்காவுல மெக்கல்லோக் கம்பெனி 3-25ன்னு ஒரு ரம்பம் விட்டாங்க. சுமார் 25 பவுண்டு, அதாவது பதினோரு கிலோ சொச்சம். ஒரே ஆள் தூக்கி எந்தப் பக்கம் சாய்ச்சும் அறுக்கலாம்ங்கிற காலம் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. கிண்ணம் வச்ச கார்பரேட்டர் கும்பகர்ணன் மாதிரி, மாசக்கணக்குல தூங்கினாலும் கழுவி விட்டா எழுந்திருக்கும். சவ்வு அப்படி இல்லை. உள்ளயே பெட்ரோல் நின்னு ஆவியாகி, ஆயிலும் பிசினும் மட்டும் தங்கும். சவ்வு அட்டை மாதிரி விறைச்சுப் போகும். ஊசிக்கு முன்னாடி நகக்கண் அளவுல ஒரு சல்லடை இருக்கு, அதுவும் அடைச்சுக்கும். ஓடிக்கிட்டே இருக்கிற ரம்பத்துக்கு இந்த வியாதி அவ்வளவா வராது. சும்மா கிடக்கிற ரம்பத்துக்குத்தான் வரும்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசாம அதையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் பெட்ரோல் போற வழியை விரலால தடவிக்கிட்டே போனார். நாலு திருகாணியைக் கழட்டி, சவ்வை எடுத்துப் புதுப் பெட்ரோல்ல ஊறப் போட்டார். ஒரு ஊசியால அந்தச் சல்லடையை நோண்டி எடுத்தார். மஞ்சளா பசை மாதிரி அப்பியிருந்துச்சு. கழுவினார், வாயால ஊதினார், மாட்டினார். லிட்டருக்கு எவ்வளவு ஆயில்னு மெஷின் மேல எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லி, புதுசா கலந்து ஊத்தினார். பின்பிடியைக் கால்ல மிதிச்சு, செயின் பிரேக்கைப் போட்டு, சோக் போட்டு மூணு இழு. தும்மல். சோக்கைப் பாதி எடுத்து இன்னும் ஒரு இழு.

ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் வெளிச்சத்துல ஒரு கார் போற அளவுக்கு வழி விட்டாச்சு. புதன்கிழமை காலையில பெரியவரோட கார் போச்சு. அண்ணன் காசு வாங்கலை. வாங்கினாலும் கொடுக்க யார்கிட்ட நோட்டு இருந்துச்சு!

*

சரி, இப்போ எதுக்கு இந்தக் கதை?

அந்த அண்ணன் தலையில இருந்ததை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரலை. சுமார் முப்பது வருஷம் நம்ம தெருவெல்லாம் டூ ஸ்ட்ரோக் ஓடினதால, அது தானா சேர்ந்த அறிவு. அந்த எஞ்சின் போனதுல எனக்கு ஒப்பாரி எதுவும் இல்லை. எரியாத பெட்ரோலையும் ஆயிலையும் புகையா நம்ம மூக்குலதான் விட்டுச்சு. புகை விதிகள் 2000-த்துக்கு அப்புறம் இறுகிக்கிட்டே வந்துச்சு. 2015-ல் டிவிஎஸ் மொபெட்டே எக்ஸ்எல் 100-னு ஃபோர் ஸ்ட்ரோக்கா வந்துச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6. இப்போ வர்ற வண்டிகள்ல பெரும்பாலும் கார்பரேட்டரே கிடையாது. இன்னைக்கு இருபது வயசுல வேலைக்கு வர்ற மெக்கானிக் தம்பி கம்ப்யூட்டர் மாட்டிக் கோளாறு எண்ணைப் படிக்கிறான். அவன் திறமை வேற, நிஜமான திறமைதான். ஆனா ப்ளக்கை மோந்து பாக்கிற வேலை அவனுக்கு வரவே இல்லை.

ரோட்டுல போன டூ ஸ்ட்ரோக், ரம்பத்துல இன்னும் உக்காந்திருக்கு. அது கூடவே ஒரு புதுத் தொல்லை. 2022-ல் நம்ம பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால், 2025-ல் 20 சதவீதம். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். நாளானா தண்ணியோட சேர்ந்து பிரிஞ்சு டாங்க் அடியில நிக்கும். பழைய ரப்பரையும் சவ்வையும் கெடுக்கும். ஷெட்ல கிடக்கிற ரம்பத்துக்கு இதை விட மோசமான சாப்பாடு இல்லை. 2016-ல் ரெண்டு வருஷம் கிடந்து அடைச்ச மெஷின், இப்போ சில மாசத்துலயே அடைச்சுக்கலாம்.

புயல் மட்டும் நிக்கலை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ அம்பத்தூர் பக்கம் எவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னு பாத்தோம். நம்ம ஊர்ல ரம்பத்துக்கு வேலை வர்றது வருஷத்துல சில நாள்தான். அன்னைக்கு எல்லா ரம்பத்துக்கும் ஒரே நேரத்துல வேலை. மத்த நாளெல்லாம் தூக்கம்.

அதனால குடியிருப்போர் சங்கம், கோயில் கமிட்டி, தோப்பு, காலேஜ்னு எங்கயாவது ஒரு பவர் சா வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா மூணே மூணு வேலை. ஒண்ணு, வேலை முடிஞ்சதும் டாங்க்ல இருக்கிறதை வெளிய எடுத்துட்டு, மிச்சம் தீர்ந்து தானா அணையற வரைக்கும் ஓட விட்டு வைங்க. ரெண்டு, கலந்த பெட்ரோலை ஒரு மாசத்துக்கு மேல வச்சு ஊத்தாதீங்க. மூணு, ஐப்பசி மழைக்கு முன்னாடி, செப்டம்பர் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை வெளிய எடுத்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. ஆகலைன்னா அன்னைக்கே தெரியும். சவ்வு செட் வாங்கி மாட்ட நேரம் இருக்கும்.

அந்த ஞாயித்துக்கிழமை தெருவுல இருக்கிற ரெண்டு பசங்களையும் கூப்பிட்டு உக்கார வைங்க. எங்க மெக்கானிக் அண்ணன் 2019-ல் கடையை மூடிட்டு ஊரோட போயிட்டார். இப்போ எங்க தெருவுல இதே வேலையைச் செய்யத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர். அன்னைக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பையன் ஒருத்தன். கையில கொப்புளத்தோட பக்கத்துல உக்காந்து பார்த்த அந்த காண்ட்ராக்ட் தம்பி இன்னொருத்தன், இப்போ அவன் எங்க ஏரியாவுலயே சொந்தமா மெஷின் வச்சிருக்கான்.

உங்க ஊர்ல எப்படி? தானேயில, கஜாவுல உங்க பக்கம் ரம்பம் ஸ்டார்ட் ஆச்சா? யார் ஸ்டார்ட் பண்ணாங்க? எழுதுங்க மக்களே.

டிஸ்கி: ரம்பத்தை ஒரு கையில தொங்க விட்டுக்கிட்டு இன்னொரு கையால இழுக்கிற சினிமா ஸ்டைல் வேண்டாம். தரையில வச்சு, கால்ல மிதிச்சு, செயின் பிரேக் போட்டுத்தான் இழுக்கணும். கம்பி மேல கிடக்கிற மரத்தை லைன்மேன் ‘கரண்ட் கட் பண்ணியாச்சு’ன்னு சொல்ற வரைக்கும் தொடவே தொடாதீங்க.